பகலில் நடந்த டிராகுலா: ஒரு நாவல் படமானபோது சட்டமும் மேடையும் செய்த மாற்றங்கள்

பிராம் ஸ்டோக்கரின் "டிராகுலா" நாவலில் 13ஆம் அத்தியாயம். செப்டம்பர் மாதத்துப் பகல் வேளை ஒன்றில் மீனாவும் அவளுடைய கணவன் ஜோனதன் ஹார்க்கரும் லண்டனின் பிக்காடிலி தெருவில் கைகோத்து நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு கடைவாசலில் நின்ற குதிரை வண்டியில், வண்டிச் சக்கரம்போல் அகன்ற தொப்பி அணிந்த பெண்ணொருத்தி அமர்ந்திருக்கிறாள். மீனா அவளுடைய அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜோனதன் வலிக்கும்படி அவள் கையை இறுக்கிப் பிடித்து, மூச்சுக்குள் கடவுளை அழைக்கிறான். உயரமாய், ஒல்லியாய், வளைந்த மூக்கும் கறுத்த மீசையும் கூரான தாடியும் கொண்ட ஒருவன் அந்தப் பெண்ணையே வெறித்துப் பார்த்தபடி நிற்கிறான். அவன்தான் டிராகுலா. பின்பு கணவனும் மனைவியும் அருகிலுள்ள பூங்காவில் போய் உட்காருகிறார்கள். இலையுதிர் காலமாக இருந்தும் அன்றைக்கு வெக்கையாக இருந்தது என்று மீனா தன் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறாள். அந்த வெயிலில்தான் டிராகுலா நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரைப்படங்களின் வழியாகவே டிராகுலாவை அறிந்திருந்த நான், நாவலை முதன்முறையாக வாசித்தபோது இந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சூரிய ஒளி பட்டால் ரத்தக் காட்டேரி அழிந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதியல்லவா? அந்த விதி நாவலில் இல்லை. பிடரியை மறைத்து நிமிர்ந்து நிற்கும் காலர் வைத்த மேலங்கியும், மாலை விருந்துக்குரிய கோட்டும், மழித்த முகமும் இல்லை. இறந்துபோன மனைவியின் மறுபிறவியைத் தேடி நூற்றாண்டுகளைக் கடந்து வரும் காதலும் இல்லை. இவை ஒவ்வொன்றும் எப்போது, எங்கே, யாருடைய தேவைக்காகச் சேர்ந்தது என்பதை ஆண்டு குறிப்பிட்டே சொல்லிவிட முடிகிறது. அந்தத் தேவைகளில் கலைஞனின் கற்பனைக்கு இருந்த பங்குக்குச் சற்றும் குறையாமல் பதிப்புரிமைச் சட்டத்துக்கும், மேடையின் மரவேலைக்கும், தயாரிப்பாளரின் கையிருப்புக்கும் பங்கு இருந்தது என்பதே இக்கட்டுரையில் நான் காட்ட விரும்புவது.

ஸ்டோக்கர் 1847இல் டப்ளின் நகரின் புறப்பகுதியில் பிறந்தவர். எழுத்து அவருக்கு ஓய்வுநேர வேலையாகவே இருந்தது. பிழைப்பு நாடக அரங்கில். அக்காலத்து ஆங்கில மேடையின் மாபெரும் நடிகரான ஹென்றி இர்விங் லண்டனில் நடத்திய லைசியம் அரங்கத்தின் நிர்வாக மேலாளராக 1878இல் சேர்ந்து, கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, வெளியூர்ப் பயண ஏற்பாடு என்று இர்விங் இறந்த 1905 வரை 27 ஆண்டுகள் அவருக்காகவே உழைத்தார். டிராகுலாவுக்கான முதல் குறிப்புகளை 1890 மார்ச் மாதத்தில் எழுதத் தொடங்கினார். நாவல் வெளிவந்தது 1897 மே மாதத்தில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளின் குறிப்புத்தாள்கள் இன்று பிலடெல்பியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்தால் கதை தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ஸ்டைரியா பகுதியில் நடப்பதாக இருந்ததும், பிரபுவின் பெயர் "வாம்பிர்" என்று இருந்ததும் தெரிகிறது. 1890 கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊரில் விடுமுறைக்குத் தங்கியிருந்தபோது, இன்றைய ருமேனியாப் பகுதியில் இருந்த வலாக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றி வில்லியம் வில்கின்சன் 1820இல் வெளியிட்ட நூல் அவர் கண்ணில் பட்டது. வலாக்கிய மொழியில் "டிராகுலா" என்றால் சாத்தான் என்று அந்நூலின் அடிக்குறிப்பு ஒன்று சொன்னது. பழைய பெயர் அடிக்கப்பட்டுப் புதிய பெயர் ஏறியது. நாவலில் டிராகுலாவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் ஒருமுறைகூடப் போனதில்லை. அந்த மலைநாட்டை அவர் நூலகத்திலேயே கட்டியெழுப்பினார்.

இங்கே நம் பக்கத்து நினைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். நாம் சிறுவயதில் கேட்டு வளர்ந்த விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளை 1870இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ரிச்சர்ட் பர்ட்டன், "வேதாளம்" என்ற சொல்லுக்கு "வாம்பயர்" என்ற சொல்லையே தேர்ந்தார். அந்தப் பர்ட்டனை இர்விங்கின் நண்பர் என்ற முறையில் ஸ்டோக்கர் பலமுறை சந்தித்திருக்கிறார். இர்விங்கைப் பற்றிப் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில், பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் முழுவதும் குத்துவாளின் மினுக்கம்போல் தெரிந்தது என்று குறித்திருக்கிறார். டிராகுலாவின் பல் அங்கிருந்து வந்ததென்று சாதிக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் ஒரு மனிதரின் முகத்தில் எதை முதலில் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது என்பது அந்த வரியில் தெரிகிறது.

நாவலில் நாம் சந்திக்கும் பிரபு ஒரு கிழவன். நீண்ட வெண்மீசை வைத்திருக்கிறான், தலைமுதல் கால்வரை கறுப்பு உடை, உள்ளங்கையில் ரோமம், வாயில் நாற்றம். ரத்தம் குடிக்கக் குடிக்க அவன் இளமையாகிறான். பிக்காடிலியில் மீசை கறுத்திருந்ததன் காரணம் அதுவே. மேலங்கி ஒன்று உண்டு. கோட்டைச் சுவரில் பல்லியைப்போல் தலைகீழாக அவன் ஊர்ந்து இறங்கும்போது அது இறக்கைபோல் விரிவதை ஜோனதன் சன்னலிலிருந்து பார்க்கிறான். அந்த ஒரு பத்தியின் திகிலை எந்தப் படமும் இன்றுவரை எட்டவில்லை என்பது என் கருத்து. பகலில் அவனுடைய மாயசக்திகள் அடங்கிப்போகும், நினைத்தபடி உருமாற முடியாது, அவ்வளவே. கடைசியில் அவனைக் கொல்வதும் வெயிலன்று. சூரியன் மறையும் தறுவாயில் ஜோனதனின் குக்ரிக் கத்தி கழுத்தை அறுக்க, அமெரிக்கனான குவின்சி மாரிஸின் வேட்டைக் கத்தி நெஞ்சில் இறங்க, உடல் தூளாகிறது. கூர்க்காக்களின் கத்தி ஒன்று கார்ப்பேத்திய மலையடிவாரத்தில் ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற பிசாசைக் கொல்கிறது என்ற செய்தி, படம் மட்டும் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

இந்தக் கதைக்கும் சட்டத்துக்குமான உறவு, நூல் கடைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அன்றைய பிரித்தானிய நடைமுறையில் ஒரு கதையை அச்சிடும் உரிமை வேறு, அதை மேடையேற்றும் உரிமை வேறு. ஆசிரியரே முதலில் மேடையேற்றிப் பதிவு செய்துகொள்ளாவிட்டால், நூலைப் படித்த எவரும் அதை நாடகமாக்கிப் பணம் பார்த்துவிடலாம். அரங்க மேலாளரான ஸ்டோக்கருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே நாவல் வெளிவருவதற்கு எட்டு நாள் முன்னதாக, 1897 மே 18ஆம் நாள் காலை, லைசியம் மேடையில் "டிராகுலா, அல்லது இறவாதவன்" என்ற பெயரில் ஒரு வாசிப்பை அவர் நடத்தினார். அதற்கான பிரதியைப் பார்த்தால் எவ்வளவு அவசரம் என்பது புரியும்: நாவலின் அச்சுப் படிகளைக் கத்தரித்து ஒட்டி, இடையிடையே மேடைக்குறிப்பைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். ஐந்து அங்கங்கள், நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட வாசிப்பு. புகழ்பெற்ற நடிகை எலன் டெர்ரியின் மகள் எடித் கிரெய்க் மீனாவின் வசனங்களைப் படித்தார். பார்வையாளர்களுக்கென்று நடத்தப்படாத அந்த நாடகம், ஸ்டோக்கரின் வாழ்நாளில் மேடை கண்டது அந்த ஒரே முறைதான். பின்னாளில் அவருடைய மனைவியைக் காப்பாற்றிய சொத்தின் முதல் வேலி அது.

ஸ்டோக்கர் 1912 ஏப்ரலில் காலமானார். மனைவி புளோரன்ஸுக்கு அவர் பெரிய செல்வம் எதையும் விட்டுச் செல்லவில்லை. நின்று பலன் தரக்கூடிய நூல் "டிராகுலா" ஒன்றே. பத்தாண்டு கழித்து, 1922 ஏப்ரலில், பெர்லினிலிருந்து பெயரில்லாத ஒருவர் அனுப்பிய உறை அவருக்கு வந்தது. உள்ளே ஒரு திரைப்பட வெளியீட்டு விழாவின் அழைப்பேடு. மார்ச் 4ஆம் நாள் பெர்லின் விலங்கியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் திரையிடப்பட்ட "நோஸ்ஃபெராட்டு" என்ற அந்தப் படம், ஸ்டோக்கரின் "டிராகுலா"வைத் தழுவியது என்று அதிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அனுமதி கேட்கவில்லை, ஒரு காசும் தரவில்லை.

படத்தைத் தயாரித்தது பிராணா பிலிம் என்ற புதிய நிறுவனம். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஆல்பின் கிராவ் ஓவியர், மறைஞான ஈடுபாடு கொண்டவர். "பிராணா" என்ற பெயர் நம்முடைய "பிராணன்" என்ற சொல்லே. ஹென்றிக் காலீன் திரைக்கதை எழுத, எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கினார். டிராகுலா, ஓர்லாக் பிரபுவானான், ஜோனதன், ஹட்டரானான், மீனா, எலனானாள், லண்டன், விஸ்போர்க் என்ற கற்பனையான ஜெர்மானிய ஊரானது. பெயர்களை மாற்றியது வழக்கிலிருந்து தப்பத்தான் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது முழுமையான விளக்கமாகத் தோன்றவில்லை. திருடியதை மறைக்க எண்ணியவர்கள் விழா அழைப்பேட்டிலும் படத்தின் தொடக்க அட்டையிலும் மூலநூலின் பெயரைப் போட்டிருக்க மாட்டார்கள். கதையை ஜெர்மானிய மண்ணில் நட்டு, போருக்குப் பிந்திய ஊரின் கொள்ளைநோய் அச்சத்தோடு பிணைக்க வேண்டும் என்ற விருப்பமும் அதில் இருந்தது. மாக்ஸ் ஷ்ரெக் நடித்த ஓர்லாக் எலிகளோடு வந்து இறங்குகிறான். அவனுடைய முன்பற்களே எலிப்பற்கள்.

சூரியன் பிறந்தது இந்தப் படத்தில்தான். அதற்கு முந்தைய ஆங்கில இலக்கியத்தின் காட்டேரிகள் பகலில் தாராளமாகப் புழங்கின. 1872இல் வெளிவந்த லே ஃபானுவின் "கார்மில்லா" கதையின் நாயகி பிற்பகலில் எழுந்து உலவப் போவாள். நாட்டுப்புற நம்பிக்கையிலும் சேவல் கூவினால் பேய் கல்லறைக்குத் திரும்பும், அழிந்துபோகாது. காலீனும் முர்னாவும் அதை ஒரு படி தாண்டினார்கள். மாசற்ற பெண்ணொருத்தி தானாக முன்வந்து தன் ரத்தத்தைத் தந்து, முதல் சேவல் கூவுவதை அவன் கவனிக்காதபடி செய்தால் அவன் ஒழிவான் என்று படத்தில் ஒரு பழைய நூல் சொல்கிறது. எலன் அப்படியே செய்கிறாள். அறைச் சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரின் உச்சியில் காலை வெளிச்சம் விழுகிறது. படுக்கையருகே குனிந்திருந்த ஓர்லாக் நிமிர்கிறான். சன்னலைக் கடக்க முயல்கிறான். ஒரு கையை உயர்த்துகிறான். உடல் ஒளி ஊடுருவும்படி மங்கி, இல்லாமல் போகிறது. அவன் நின்ற இடத்தில் தரையிலிருந்து ஒரு புகைச்சுருள் எழுகிறது. படச்சுருளை மறுபடி ஓட்டி ஒன்றன்மேல் ஒன்று பதித்துச் செய்த எளிய வித்தை. குதிரைகளும் வண்டிகளும் பனிமலைத் துரத்தலும் கொண்ட நாவலின் முடிவைப் படமாக்கும் வசதி அந்தச் சிறு நிறுவனத்துக்கு இருந்திருக்குமா என்பது ஐயம். ஆனால் செலவைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டென்று நினைக்கிறேன். ஒளியால் ஆன கலை ஒன்று தன் பிசாசை ஒளியாலேயே கொன்றது. கத்தி எழுத்துக்குப் போதும். திரைக்கு வெளிச்சம் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அன்றைய படச்சுருளின் உணர்திறன் குறைவு என்பதால் இரவு வெளிப்புறக் காட்சிகளையும் பகலிலேயே எடுத்து, பிறகு அந்தப் பகுதிக்கு மட்டும் நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் இரவு, மஞ்சள் விளக்கொளி, இளஞ்சிவப்பு விடியல் என்று பார்வையாளர்கள் புரிந்துகொள்வார்கள். சாயமிழந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளே பல பத்தாண்டுகள் சுற்றில் இருந்தன. அவற்றைப் பார்த்தவர்களுக்கு, சூரிய ஒளியால் சாகப்போகிறவன் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவில் நடப்பது பெரிய குளறுபடியாகத் தெரிந்தது. குளறுபடி படத்தில் இல்லை, பிரதியில் இருந்தது.

புளோரன்ஸ் ஆங்கில எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகி, அதன் துணையோடு வழக்குத் தொடுத்தார். விளம்பரத்துக்கு வாரியிறைத்திருந்த பிராணா அதே ஆண்டில் திவாலானது. இழப்பீடு தர யாரும் இல்லாத நிலையில், படத்தின் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று அவர் கோரினார். 1925 ஜூலையில் ஜெர்மானிய நீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. திரைக்கலையை நேசிக்கிறவர்கள் புளோரன்ஸைக் கலையின் எதிரியாகச் சித்திரிப்பது வழக்கம். நான் அதில் சேர மாட்டேன். கணவரை இழந்து, கையிருப்புக் குறைந்து, எழுபதை நெருங்கும் வயதில், தன்னிடம் இருந்த ஒரே சொத்தை ஒரு நிறுவனம் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டு ஓட்டாண்டியாகி நின்றபோது அவருக்கு வேறென்ன வழி இருந்தது? ஆனாலும் படம் சாகவில்லை. ஆணை எட்டாத நாடுகளுக்குப் பிரதிகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. நெகட்டிவ் கிடைக்கவில்லை, நாம் இன்று பார்க்கும் சீரமைக்கப்பட்ட வடிவம், பாரிஸில் காக்கப்பட்ட சாயமேற்றிய பிரெஞ்சுப் பிரதி ஒன்றை முதன்மையாகக் கொண்டு உருவாக்கப்பட்டது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1924இல், ஹாமில்ட்டன் டீன் என்ற ஐரிஷ் நடிகருக்கு நாவலை நாடகமாக்கும் உரிமையைப் புளோரன்ஸ் முறைப்படி வழங்கினார். டீன் நடத்தியது ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழு. மலையும் கோட்டையும் கப்பலும் அந்தக் குழுவின் வண்டியில் ஏறாது. எனவே டிரான்சில்வேனியாப் பகுதியை அடியோடு நீக்கிவிட்டு, கதை முழுவதையும் லண்டன் வீடுகளின் அறைகளுக்குள் சுருக்கினார். இங்கேதான் டிராகுலா அடியோடு மாறினான். உள்ளங்கையில் ரோமமும் வாய் நாற்றமும் கொண்ட கிழவனை எந்தக் குடும்பமும் வரவேற்பறைக்குள் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்காது. உபசரிக்கத்தக்க வெளிநாட்டுக் கனவானாக, விருந்து உடையில், பண்பான பேச்சோடு அவன் வந்தாக வேண்டும், வந்தான். காட்டேரி கவர்ச்சியானவனாக மாறியதன் பின்னால் இருந்தது ஒரு மேடையமைப்புச் சிக்கல் என்று அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

அந்த நிமிர்ந்த காலருக்கும் அப்படியொரு காரணம் உண்டு. ஒரு காட்சியில் டிராகுலாவைப் பிடிக்க எல்லோரும் சூழ்ந்துகொள்ளும்போது அவன் மேடையிலிருந்து மாயமாக மறைய வேண்டும். நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்புவார். நிமிர்ந்து நிற்கும் பெரிய காலர் அவர் தலையை மறைத்துவிடும். மற்றவர்கள் மேலங்கியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் அதிலிருந்து நழுவித் தரையிலுள்ள கதவு வழியாகக் கீழே இறங்கிவிடுவார். துணி சரிந்து விழும்போது உள்ளே ஆள் இருக்க மாட்டார். இந்த ஒரு நொடிக்காகத் தைக்கப்பட்ட காலர், நூறாண்டு கழித்தும் மாறுவேடக் கடைகளில் தொங்குகிறது. நாடகம் டெர்பி நகரில் அரங்கேறி, மூன்றாண்டு வெளியூர்களில் ஓடி, 1927 பிப்ரவரி 14ஆம் நாள் லண்டனுக்கு வந்தது. மயங்கி விழுகிறவர்களைக் கவனிக்கச் சீருடை அணிந்த செவிலியை அரங்கில் நிறுத்தியது நல்ல விளம்பர உத்தியாக இருந்தது.

அமெரிக்காவுக்காக ஜான் பால்டர்ஸ்டன் திருத்தி எழுதிய வடிவம் அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேயில் ஏறி 261 முறை நடந்தது. டிராகுலாவாக நடித்தவர் பேலா லுகோசி. அன்றைய ஹங்கேரியில், இன்று ருமேனியாவுக்குள் இருக்கும் லுகோஷ் என்ற ஊரில் பிறந்தவர். ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பதுபோல் அவர் இழுத்துப் பேசியது அச்சமூட்டும் பாணியாக நிலைத்துவிட்டது. யுனிவர்சல் நிறுவனம் 1930இல் நாவலுக்கும் நாடகங்களுக்கும் சேர்த்து 40,000 டாலர் கொடுத்துத் திரைப்பட உரிமையை வாங்கியது. அவ்வளவு பிரபலமாக இருந்தும் லுகோசிக்குக் கிடைத்த சம்பளம் வாரம் 500 டாலர், மொத்தம் 3,500 டாலர். டாட் பிரவுனிங் இயக்கி 1931 பிப்ரவரியில் வெளிவந்த அந்தப் படம் நாவலைவிட நாடகத்தையே ஒட்டிச் செல்கிறது. கோட்டைக் காட்சிகள் முடிந்ததும் கதை வரவேற்பறைக்குள் போய் அமர்ந்துவிடுவதை யாரும் உணரலாம். லுகோசியின் டிராகுலாவுக்குக் கோரைப்பல்லே கிடையாது என்பதும் பலர் கவனிக்காதது. அதே அரங்க அமைப்புகளில், ஆங்கிலப் படக்குழு வீட்டுக்குப் போன பிறகு இரவு நேரத்தில், வேறு நடிகர்களோடு ஜார்ஜ் மெல்ஃபோர்ட் எடுத்த ஸ்பானிய மொழிப் படம் ஒன்று உண்டு. கேமராவின் நகர்வில் அது ஆங்கிலப் படத்தைவிட உயிர்ப்பானது என்று நானும் சொல்வேன்.

இத்தனை பணம் கைமாறியபோது, அமெரிக்காவில் பதிப்புரிமைக்கான விதிமுறைகள் உரிய காலத்தில் நிறைவேற்றப்படாததால் நாவல் அந்நாட்டில் பொதுச் சொத்தாகவே இருந்தது என்பது பின்னர் வெளிப்பட்டது. பிரித்தானியாவில் அதன் உரிமை 1962இல் முடிந்தது. கதை பொதுவானாலும் முகம் பொதுவாகவில்லை. லுகோசி 1956இல் இறந்து, டிராகுலாவின் மேலங்கியோடே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய முகச்சாயலைப் பொம்மைகளிலும் சட்டைகளிலும் போட யுனிவர்சல் உரிமம் விற்றதை எதிர்த்து அவருடைய மனைவியும் மகனும் வழக்குத் தொடர்ந்தார்கள். தன் சாயலைப் பயன்படுத்தும் உரிமை அவரோடு முடிந்துபோகிறது, வாரிசுகளுக்கு வராது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. இறந்தவர்களின் பெயருக்கும் உருவத்துக்கும் வாரிசுரிமை வழங்கும் சட்டத்தை அந்த மாநிலம் சில ஆண்டுகளில் இயற்றியது. லுகோசி குடும்பத்தின் தோல்வி அதற்கு ஒரு தூண்டுதல்.

வண்ணமும் கோரைப்பல்லும் பிரித்தானியாவின் ஹாமர் நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டுப் படத்தோடு உலகம் முழுவதும் பரவின. டெரன்ஸ் ஃபிஷர் இயக்க, கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாகவும் பீட்டர் குஷிங் காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காகவும் நடித்தனர். செலவைச் சுருக்குவதற்காகக் கப்பல் பயணம் நீக்கப்பட்டது. காட்டேரிகள் வௌவாலாகவும் ஓநாயாகவும் மாறும் என்பது வெறும் தவறான நம்பிக்கை என்று வான் ஹெல்சிங்கே ஒரு வசனத்தில் சொல்லிவிடுவதால் அந்தத் தந்திரக் காட்சிகளும் தேவைப்படவில்லை. முடிவில் அவர் நீண்ட மேசைமேல் ஓடித் தாவித் திரைச்சீலையைக் கிழித்திழுக்க, வெளிச்சம் டிராகுலாவின் பாதத்தில் விழுந்து அதைத் தூளாக்குகிறது. முர்னாவின் சூரியன் ஹாமருக்கு வந்து சேர்ந்தபோது அது விதியாகிவிட்டது. அந்த அழிவுக் காட்சியைப் பிரித்தானியத் தணிக்கை வெட்டியது. டிராகுலா தன் முகத்தின் தோலைத் தானே விரல்களால் உரிக்கும் அந்தத் துண்டு ஜப்பானுக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் இருந்து, டோக்கியோ திரைப்படக் காப்பகத்தில் அரை நூற்றாண்டு கழித்துக் கண்டெடுக்கப்பட்டு 2012இல் படத்தோடு மீண்டும் சேர்க்கப்பட்டது.

உரிமைக் காலம் முடிந்த பின் வந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். வெர்னர் ஹெர்சாக் 1979இல் "நோஸ்ஃபெராட்டு"வை மறுபடி எடுத்தபோது தலைப்பை முர்னாவிடமிருந்தும் டிராகுலா என்ற பெயரை ஸ்டோக்கரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார், தடுக்க யாருமில்லை. 2024இல் ராபர்ட் எகர்ஸ் அதே கதையை எடுத்தபோது ஓர்லாக், ஹட்டர் என்ற பெயர்களுக்கே திரும்பினார்; ஆனால் ஸ்டோக்கர் வைத்த மீசையை அவருடைய பிரபுவுக்குத் திருப்பித் தந்தார். வலாக்கியாவின் 15ஆம் நூற்றாண்டு ஆட்சியாளனும் கைதிகளைக் கழுவேற்றியதால் பெயர்பெற்றவனுமான மூன்றாம் விளாத்தோடு டிராகுலாவை ஒன்றாக்கும் வழக்கம், ரேமண்ட் மெக்னலி, ராடு ஃபுளோரெஸ்கு ஆகிய வரலாற்றாசிரியர்கள் 1972இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே பரவலானது. ஸ்டோக்கரின் குறிப்புகளில் கழுவேற்றத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட டான் கர்ட்டிஸின் தொலைக்காட்சிப் படம் அந்த விளாத்தையும் மறுபிறவிக் காதலையும் சேர்த்தது. 1992இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா, ஸ்டோக்கரின் பெயரையே தலைப்பில் வைத்து எடுத்த படம் அந்தக் காதலைக் கதையின் மையமாக்கியது. பிரபுவைப் பகலில் நடமாட விட்டதில் அந்தப் படம் நாவலுக்கு நேர்மையாக இருந்தது. மீனா விஷயத்தில் இல்லை. நாவலில் டிராகுலா மீனாவின் பிடரியைப் பிடித்துத் தன் நெஞ்சின் காயத்தில் அவள் வாயை அழுத்துகிறான். பூனைக்குட்டியின் மூக்கைப் பால் கிண்ணத்துக்குள் அழுத்திக் குடிக்கவைக்கும் குழந்தையைப்போல என்று எழுதுகிறார் ஸ்டோக்கர். அது வன்முறை. அதைக் காதலாக்கிய படங்களின் அழகை மறுக்காமலே, அந்த மாற்றம் எனக்கு ஏற்புடையதாக இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

திரை இன்னும் முழுமையாகத் தொடாத ஒன்று நாவலின் வடிவம். கதை முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, நாளிதழ்த் துணுக்கு, கப்பலின் பதிவேடு ஆகியவற்றால் ஆனது. ஜோனதன் சுருக்கெழுத்தில் எழுதுகிறான். மருத்துவர் சீவர்ட் ஃபோனோகிராஃப் உருளைகளில் பேசிப் பதிவுசெய்கிறார். மீனா எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தேதி வாரியாக அடுக்குகிறாள். அந்த அடுக்கே டிராகுலாவை வளைத்துப் பிடிக்கும் வலை. அவனும் அதை அறிந்து ஓர் இரவு வீட்டுக்குள் புகுந்து தாள்களையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போட்டுவிடுகிறான். ஆனால் மீனா எடுத்துவைத்த இன்னொரு படி இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ஏழாண்டு கழித்து அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கும் ஜோனதன், இத்தனை பெரிய குவியலில் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுகூட இல்லை, எஞ்சியிருப்பதெல்லாம் தட்டச்சுப் பிரதிகளே என்று நாவலின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறான்.